சர்க்கரை போடாத பதினான்கு நாள்

ஊரிலுள்ள நாற்பத்தொரு கட்டடங்களின் லிஃப்டுகளை ஓடவைக்கிறவர் குடியிருந்த கட்டடத்தில், லிஃப்ட் பன்னிரண்டு நாளாக ஓடவில்லை. படியேறுவோருக்கும் இறங்குவோருக்கும் இதைவிடச் சுவையான பேச்சு வேறு வேண்டுமா? காலையில் அவர் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கும்போது, மாடிக்கு ஒருவராவது மூச்சு வாங்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருப்பார்.

“என்ன லிஃப்ட்காரரே, நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு எங்க எல்லாருக்கும் சேர்த்து வைத்தியம் பாக்கறீங்களா?” என்று முதல் மாடி அம்மாள் கேட்பார்.

“நாளைக்குச் சரியாயிடும்மா.”

“நீங்க சொல்ற நாளைக்கு எந்தக் கிழமை வருதுன்னு சொன்னா, அன்னிக்கு மட்டும் நான் கடைக்குப் போவேன்.”

அவர் சிரித்து மழுப்பிவிட்டு இறங்கிப் போவார். 

காரணம் எறும்பு. எந்தக் கப்பலில், எந்தப் பெட்டிக்குள் ஒளிந்து வந்ததோ, ஒருவரும் அறியார். சென்ற ஆண்டு மழை ஓய்ந்தபின் கடைத்தெருவில் முதன்முதலாகத் தலைகாட்டிற்று. ஊரின் பழைய எறும்பு வரிசை தவறாது. எதிரே வருவதை முகர்ந்து பார்த்து வழிவிடும். புதியதற்கு வரிசை என்பதே தெரியாது. சுவரில் யாரோ டீத்தூளை அள்ளி வீசியதுபோலப் பரவிற்று. நிறமும் அதுவே ஆகையால் மக்கள் அதை டீத்தூள் எறும்பு என்றே அழைத்தனர். ஒரு தெருவின் எறும்பு மற்றொரு தெருவின் எறும்பைக் கண்டால் கடித்துக் குதறும் என்று பெயர். இவையோ எங்கே சந்தித்தாலும், கலியாண வீட்டில் கண்டுகொண்ட உறவினரைப்போல ஒன்றோடொன்று கலந்தன. பழைய கட்டெறும்பைக் கண்டு மாதக்கணக்காயிற்று.

சர்க்கரைக்கு அடுத்தபடியாக இவற்றுக்கு உகந்தது மின்பெட்டியின் வெதுவெதுப்பு. லிஃப்டின் இயக்கப் பலகையில் ரிலே என்று தீப்பெட்டியளவில் சிறு கருவிகள் வரிசையாக இருக்கும். அவற்றுள் இரண்டு உலோக முனைகள் தொட்டால்தான் லிஃப்ட் நகரும். அந்த இடுக்கில் ஓர் எறும்பு நசுங்கிச் சாகும். அதன் வாடைக்கு நூறு எறும்புகள் வரும். அந்த நூறும் அங்கேயே மாளும். பிறகு முனைகள் எங்கே தொடுவது? கண் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்றது, நூலகத்தில் நின்றது, துணிக்கடையில் நிறைந்த கூட்டத்தோடு நின்றது. லிஃப்ட்காரருக்கு உட்காரப் பொழுதில்லை.

தம் கட்டடத்து லிஃப்டை அவர் ஒன்பது முறை துடைத்து ஓடவிட்டார். ஒவ்வொரு முறையும் அரைமணி ஓடும். அதற்குள் எறும்பு திரும்பிவிடும். ஒன்பதாம் முறை ஓடவிட்டபோது மூன்றாம் மாடி வானிலைக்காரர் உள்ளே இருந்தார். வானிலை அலுவலகத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். இரண்டு மாடிகளுக்கு நடுவே நாற்பது நிமிடம் எறும்புகளோடு நின்ற அவர், வெளியே வந்ததும் ‘உபயோகிக்கக் கூடாது’ என்று தம் கையாலேயே எழுதி, அட்டையைக் கதவில் கட்டிவிட்டார்.

மற்றவர்கள் நடந்தே சமாளிப்பார்கள், லிஃப்ட்காரரின் அக்காவால் முடியாது. ஐந்தாம் மாடியில் தம்பி குடும்பத்தோடு இருந்த அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. சிறு வயதில் வந்த காய்ச்சலில் கால்கள் போயின. இருபது வயதுவரை எல்லாரும் அவளைத் தூக்கிச் சென்று, தங்களுக்குச் சௌகரியமான இடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். சக்கர நாற்காலி வந்த அன்று, “இனிமே என் இடுப்புக்குக் கீழ யாரும் கை வைக்கக் கூடாது” என்று சொன்னவள், இருபத்தாறு ஆண்டுகளாக அதை மீற ஒருவரையும் விட்டதில்லை. கடைத்தெருவில் அவளுக்குக் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடை உண்டு. பன்னிரண்டு நாளாக அது பூட்டிக் கிடந்தது.

எதிர்க்கடை டீக்கடை. அதன் சொந்தக்காரர் பதினோராண்டாக நாளைக்கு நான்கு முறை தெருவைக் கடந்து அவளுக்கு டீ கொடுத்துவந்தார். ஓடாத ஒரு கைக்கடிகாரத்தை ஒரு நாள் கொண்டுவந்து நீட்டினார். அவள் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு பழுதும் இல்லை, சாவிதான் கொடுக்கப்படவில்லை. “இதைக் காட்டத்தான் வந்தீங்களா, வேற ஏதாவது சொல்ல வந்தீங்களா?” என்று கேட்டாள். அவர் சொன்னார். பதிவு அலுவலகத்தில் கலியாணத்துக்கு நாளும் குறித்தாயிற்று. அதற்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. அந்த நாளை விட்டால் மூன்று மாதத்துக்கு வேறு நாள் இல்லையென்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

“நாலு பேர் நாற்காலியோட தூக்கினா அஞ்சு நிமிஷம் அண்ணி,” என்றாள் லிஃப்ட்காரரின் மனைவி. மருந்துக்கடையில் மருந்து எடுத்துக்கொடுப்பது அவள் வேலை. எதையும் அளவோடுதான் பேசுவாள்.

“என் கலியாணத்துக்கு நான் என் சக்கரத்துல போவேன். மூட்டை மாதிரி இறங்கிப் போயி கையெழுத்துப் போட மாட்டேன். மூணு மாசம்னா மூணு மாசம்.”

“அவர் பதினோரு வருஷம் காத்திருந்திருக்காரு.”

“அப்ப பழக்கம் இருக்கும்.”

சொல்லிவிட்டாளே தவிர, திரும்பி ஜன்னல் வழியே தெருவைப் பார்த்த முகத்தில் அந்தத் துடுக்கு இல்லை. அதை லிஃப்ட்காரர் கண்டுகொண்டார்.

டீக்கடைக்காரரோ லிஃப்ட் நின்ற நாள் முதல், காலையும் மாலையும் பிளாஸ்கோடு ஐந்து மாடி ஏறி வந்தார். கனத்த சரீரம். இரண்டாம் மாடியில் ஒரு முறையும் நான்காம் மாடியில் இரண்டு முறையும் உட்காருவார். ஏறுகிற வழியில் எதிர்ப்பட்டவருக்கெல்லாம் அரைக் குவளை ஊற்றிக் கொடுப்பார். அதுவே வினையாயிற்று.

“நான் கணிச்சுச் சொல்றேன்,” என்றார் வானிலைக்காரர், படிக்கட்டில் பத்துப் பேர் நடுவே. “இந்த எறும்பு எங்கிருந்து வருது? பிளாஸ்க்ல இருந்து சொட்டற சர்க்கரையில இருந்து. இவர் ஏறுற பாதையும் எறும்பு ஏறுற பாதையும் ஒண்ணு.”

“எறும்பு வந்தப்புறம்தான் லிஃப்ட் நின்னுது. லிஃப்ட் நின்னப்புறம்தாங்க நான் ஏறவே ஆரம்பிச்சேன்,” என்றார் டீக்கடைக்காரர்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. எறும்புக்குப் பேரே டீத்தூள் எறும்பு. ஊரே சொல்லுது.”

டீக்கடைக்காரர் கைத்துண்டை எடுத்துத் தாம் அமர்ந்த படியைத் துடைத்தார். அன்று முதல் ஏறும்போது ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் ஈரத்துணி. லிஃப்ட்காரர் அங்கேதான் நின்றிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவருக்கும் உள்ளூர அந்தச் சந்தேகம் இருந்ததே காரணம்.

பதின்மூன்றாம் நாள், திங்கட்கிழமை மாலை. அக்கா தன் மேசையில் வேலையாக இருந்தாள். மேசைக் கால்கள் நான்கும் தண்ணீர்க் கிண்ணத்தில் நின்றதால், கடிகாரச் சக்கரங்களுக்கிடையே ஓர் எறும்பும் வந்ததில்லை. கடை பூட்டியிருந்தாலும் அவள் கைக்கு வேலை உண்டு. அந்த வீட்டில் எதையும் தூக்கி எறியும் வழக்கம் இல்லை. தம்பி கழற்றிக் கொண்டுவரும் பழைய ரிலேக்களை மேசைக்கடியிலிருந்த பிஸ்கட் டப்பாவில் கம்பளித் துணி சுற்றிப் போட்டுவைப்பார். அக்கா ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, முனைகளைக் கடிகாரத் தூரிகையால் தேய்த்துப் புதிது போலாக்குவாள். முடிந்ததற்கு அடையாளமாக மூலையில் நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் பொட்டு. அவற்றை அவர் அடுத்த கட்டடத்தில் மாட்டிவிடுவார். பதினைந்து ஆண்டாக இதுவே நடைமுறை.

“டேய் தம்பி, இங்க வா.”

குரலில் ஏதோ இருந்தது. கைகழுவிக்கொண்டிருந்தவர் ஈரக்கையோடு வந்தார்.

“இந்த ரிலே உள்ள பாரு. கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பாரு.”

பார்த்தார். சுருளுக்குப் பின்னே, சாதாரணக் கண்ணுக்கு நிழல்போலத் தெரிந்த இடத்தில், அரிசிக் குருணைபோல் வெள்ளை முட்டைகள். அவற்றின் நடுவே மற்றவற்றைவிட மூன்று மடங்கு பெரிய எறும்பு ஒன்று.

“ராணி,” என்றாள் அக்கா. “ஒண்ணு இல்ல. இதுல மூணு. டப்பாவோட அடித்துணியைப் பிரிச்சேன். எண்ணறதை விட்டுட்டேன்.”

“டீயில இருந்து வந்திருக்குமோ?”

“ராணி டீ குடிக்கவா வரும்? இது நீ கொண்டுவந்ததுடா. ஆஸ்பத்திரியில கழட்டினது. நான் முனையைத்தான் தேய்ச்சேன். பின்னால பாக்கவே இல்ல.”

லிஃப்ட்காரர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நூலகம், துணிக்கடை, வங்கிக் கட்டடம், தபால் நிலையத்துக்கு எதிரிலுள்ள ஆறு மாடி. எல்லாவற்றையும் மனத்துக்குள் ஒரு முறை சுற்றிவந்தார். எங்கெங்கே எறும்பு புகுந்ததென்று கூப்பிட்டார்களோ, அங்கெல்லாம் பலகையைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது சிவப்புப் பொட்டு.

“அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?”

“சொல்லு.”

“பொட்டு வச்ச ரிலேதான் எல்லா இடத்துலயும் முதல்ல நின்னுது. நாலு மாசமா பாத்துட்டிருக்கேன். உனக்குக் கண் மங்கிடுச்சு போலன்னு நெனச்சேன். சொன்னா வருத்தப்படுவியேன்னு சொல்லல.”

அக்கா கடிகாரத் தூரிகையைக் கீழே வைத்தாள். தம்பியைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“அட அறிவாளி. என் கண்ணுக்கு இரக்கப்பட்டு ஊர் பூரா எறும்பு விதைச்சிருக்கே. அன்னிக்கே என்கிட்ட சண்டை போட்டிருந்தா, அன்னிக்கே பின்பக்கம் திருப்பிப் பாத்திருப்பேனே.”

அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பாதியில் நின்றுவிட்டது.

“வெளிய தெரிஞ்சா ஒருத்தரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க அக்கா. சத்தமில்லாம டப்பாவை வெந்நீர்ல போட்டுடுவோம். இனிமே பாத்து மாட்டுவோம்.”

“போட்டுடலாம். ஆனா ஒருத்தர் அஞ்சு மாடி ஈரத்துணியோட ஏறி வர்றாரு, செய்யாத தப்புக்கு. அதை எந்த வெந்நீர்ல போடுவ?”

கதவருகே நின்றிருந்த மனைவி, “நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் படியிலதான் இருப்பாங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் படிக்கட்டில் பதினேழு குடும்பத்தாரும் படிக்கிருவராக அமர்ந்திருந்தார்கள். லிஃப்ட்காரர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றார். மேலே பார்த்தாலும் முகங்கள், கீழே பார்த்தாலும் முகங்கள்.

“எறும்பைக் கொண்டுவந்தது டீக்கடைக்காரர் இல்ல. நான்தான். என் பையில, பழைய சாமான்ல வந்திருக்கு. இங்க மட்டும் இல்ல, நான் போன இடத்துக்கெல்லாம் கொண்டுபோயிருக்கேன். அவரைச் சொன்னப்ப நான் பக்கத்துல நின்னு சும்மா இருந்தேன். அதுக்கும் சேர்த்து மன்னிச்சுக்கணும்.”

முதல் மாடி அம்மாள்தான் தொடங்கினார்.

“அப்ப, எறும்பை நீங்களே விட்டுட்டு, நீங்களே வந்து எடுத்துக் காசும் வாங்கிட்டு... நல்ல தொழில்தான்.”

லிஃப்ட்காரரின் தலை கவிழ்ந்தது. அவர் அஞ்சியது அந்த ஒரு சொல்லுக்குத்தான். அப்போது கீழ்ப்படியிலிருந்து டீக்கடைக்காரர், மூச்சு இன்னும் சீராகாமலே, பேசினார்.

“மச்சான், இத்தனை நாளா என்னைச் சொன்னாங்க. இனிமே கொஞ்ச நாள் உங்களைச் சொல்லட்டும். நான் ஓய்வெடுத்துக்கறேன்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது படிப்படியாக மேலேறி ஐந்தாம் மாடிவரை போயிற்று. மேலே நாற்காலியில் கைப்பிடியோரம் இருந்த அக்காவின் சிரிப்பு எல்லார் சிரிப்புக்கும் மேலே கேட்டது. முதல் மாடி அம்மாள், “என்ன சொன்னாலும் வாயைத் திறந்து சொன்னீங்களே. எங்க வீட்டுக்காரர் குவளை உடைச்சதையே இன்னும் ஒத்துக்கல,” என்றார். வானிலைக்காரர் மட்டும் தொண்டையைச் செருமினார்.

“என் கணிப்பு கொஞ்சம் பிசகிடுச்சு.”

“முப்பது வருஷம் பிசகாததா?” என்றது ஒரு குரல்.

“சரி, சரி. இப்ப என்ன செய்யறது? அதைச் சொல்லுங்க.”

லிஃப்ட்காரரின் மனைவி எழுந்தாள். ஒரு வீட்டில் மருந்தடித்தால் எறும்பு அடுத்த வீட்டுக்குப் போகுமே தவிர ஒழியாது. பதினேழு வீட்டிலும் ஒரே நாளில் இரை வைக்கவேண்டும். கேரம் பலகையில் தூவும் அதே போரிக் பவுடர். ஒரு லிட்டர் சர்க்கரைத் தண்ணீருக்கு இரண்டே தேக்கரண்டி. பாட்டில் மூடியில் பஞ்சு வைத்து நனைத்து, குழந்தைகளுக்கு எட்டாத சந்துகளில் வைக்கவேண்டும். இன்னொன்று: இரை வைத்திருக்கும் வரையில் வீட்டில் வேறு இனிப்பு திறந்திருக்கக் கூடாது.

“டீக்கு?”

“டீக்கும் கூடாது. பதினாலு நாள்.”

படிக்கட்டு முழுதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. டீக்கடைக்காரர் தம் பிளாஸ்கை ஒரு முறை பார்த்துக்கொண்டார். “நாளையில இருந்து இங்க வர்ற டீயில சர்க்கரை இல்ல,” என்றார், உயில் வாசிப்பவர்போல.

சர்க்கரைத் தண்ணீர் கலக்கும் பொறுப்பு லிஃப்ட்காரருடையது. முதல் மூன்று நாள் கட்டடமே கொண்டாடிற்று. மூடிக்கு மூடி எறும்பு மொய்த்து, அங்கேயே குவியல் குவியலாக மடிந்தது. துடைப்பத்தால் கூட்டி அள்ளினார்கள். நான்காம் நாள் காலை, மூடியைச் சீண்டாமல் சுவரின் மறுபக்கத்தில் இரு மடங்கு எறும்பு ஏறிற்று. மனைவி பவுடர் டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

“எத்தனை கரண்டி போட்டீங்க?”

“கொஞ்சம் கூட.”

“எத்தனை?”

“ஆறு. நாள் கம்மியா இருக்கே, சீக்கிரம் சாகட்டும்னு...”

“வாங்க வந்த எறும்பை வாசல்லயே கொன்னுட்டா, வீட்டுக்குப் பார்சல் யாரு கொண்டுபோவா? உள்ள உக்காந்திருக்கிற ராணிக்குப் போய்ச் சேரணும். அது மெதுவாத்தான் சாகணும். ஒரு நாள் சாப்பிட்டு, ரெண்டு நாள் ஊட்டிட்டு, அப்புறம்.”

மேசையருகில் அக்கா விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். போன நாட்கள் போகக் கலியாணத்துக்கு மீதி பதினொன்று.

அன்று பதினேழு வீட்டு மூடிகளையும் சேகரித்துக் கழுவி, இரண்டு கரண்டி அளவில் புதிதாகக் கலந்து வைத்தார்கள். முதல் மாடி அம்மாள் பஞ்சு உருட்டினார். வானிலைக்காரர் தினமும் காலை ஏழு மணிக்குப் படியோரத்தில் ஒரு சாண் இடத்தில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை எறும்பு கடக்கிறதென்று எண்ணி, லிஃப்ட் கதவிலிருந்த அட்டையின் பின்பக்கத்தில் எழுதினார். பழைய உத்தியோகம் திரும்பி வந்ததுபோல் அவர் நடையே மாறிற்று. கன்னம் ஒரு பக்கம் புடைத்திருந்ததைக் கண்டு முதல் மாடி அம்மாள் ஒரு நாள் நிறுத்தினார்.

“வாயில என்ன?”

“இருமல் மருந்து.”

“ஆரஞ்சு மிட்டாய் வாசனை வருதே.”

“இருமல் மருந்து எல்லாம் இப்ப அப்படித்தான் வருது,” என்று சொல்லி, மென்று விழுங்கிவிட்டு எண்ணப் போனார்.

லிஃப்ட்காரர் பகலெல்லாம் தம் சைக்கிளில் இரைப் பாட்டில்களைக் கட்டிக்கொண்டு மற்றக் கட்டடங்களுக்குப் போனார். சிவப்புப் பொட்டு வைத்த ஒவ்வொரு ரிலேயையும் கழற்றி, மூடியுள்ள வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டார். ஒவ்வோரிடத்திலும் தம் குற்றத்தைச் சொன்னார். துணிக்கடை முதலாளி, இனி வரவேண்டாம் என்று கதவைக் காட்டினார். நூலகத்து அம்மையார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, “உண்மையைச் சொல்ற ஆளைத் தேடறது கஷ்டம். வாரா வாரம் வந்து பலகையைப் பாருங்க,” என்றார். ஆஸ்பத்திரியில், “அது முதல்ல எங்ககிட்ட இருந்துதானே உங்க பைக்கு வந்துச்சு? நாங்களும் மன்னிப்புக் கேக்கணுமா?” என்று சிரித்தார்கள். அஞ்சியதில் பாதிகூட நடக்கவில்லை. மாலையில் ஐந்து மாடி ஏறும்போது கால் கடுத்தது, மனம் கடுக்கவில்லை.

அட்டையில் இருந்த எண் இருநூற்றுப் பத்திலிருந்து நூற்று நாற்பதாயிற்று, அறுபதாயிற்று, பதினெட்டாயிற்று. இரை வைத்த பதின்மூன்றாம் நாள் காலை வானிலைக்காரர் ஐந்து நிமிடம் குனிந்தபடியே நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, ஒரு சுழி போட்டார். மறுநாளும் சுழி. எறும்பு ஊரைவிட்டுப் போய்விடவில்லை. கடைத்தெருவில் இருந்தது, ஆற்றங்கரையில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் இல்லை. லிஃப்ட்காரர் ஐந்து மாடிக் கதவுகளின் முனைகளையும் துடைத்து, பொட்டு வைக்காத புது ரிலேக்களை மாட்டி, அன்று முழுதும் வெறும் லிஃப்டை எண்பது முறை ஏற்றி இறக்கினார். அது ஒரு முறையும் நிற்கவில்லை. வானிலைக்காரர் தாம் கட்டிய அட்டையைத் தாமே அவிழ்த்தார்.

கலியாண நாளான புதன்கிழமை, காலை பத்து மணி. மொட்டைமாடியிலிருந்த இயந்திர அறையில் லிஃப்ட்காரர் தனியே நின்றார். நடுவழியில் நின்றுவிட்டால் பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை ஒரு மாடிக்குக் கொண்டுசேர்க்கவேண்டும். அதை அவரன்றி வேறெவரும் செய்யமுடியாது. எனவே, தம்பியாக அருகே நிற்கவேண்டிய நேரத்தில் அவர் லிஃப்ட்காரராக மேலே நின்றார். கையைச் சக்கரத்தின்மேல் வைத்துக்கொண்டார்.

ஐந்தாம் மாடிக் கதவு சாத்தப்பட்டது. ரிலே ‘டக்’ என்றது. மோட்டார் முனகி எழ, கம்பிவடங்கள் நகர்ந்தன. டக், நான்கு. டக், மூன்று. நின்றுவிட்டது.

டார்ச்சை எடுத்துப் பலகையில் அடித்தார். ரிலேக்கள் சுத்தமாக இருந்தன. ஒரு கால்கூட ஊரவில்லை. பின் என்ன? வடங்கள் இறங்கும் துளையில் காதை வைத்தார். ஆழத்திலிருந்து வானிலைக்காரரின் குரல் ஏறி வந்தது.

“பட்டனை அமுக்கினது நான்தான். நானும் வரேன். நாற்பது நிமிஷம் நின்ன லிஃப்டுல ஒரு நிமிஷமாவது ஓடிப் பாக்கணும்.”

“ஏறுங்க,” என்றாள் அக்கா. “சக்கரத்து மேல காலை வைக்காதீங்க. கோட்டெல்லாம் போட்டிருக்கீங்க, மாப்பிள்ளை நீங்களா?”

“இன்னிக்கு மழை வரும்னு போட்டேன்.”

“அப்ப வெயில்தான். வசதியாப் போச்சு.”

மோட்டார் மீண்டும் எழுந்தது. இரண்டு. ஒன்று. தரை. கதவு திறக்கும் ஓசை வந்தது. அதன்பின் பதினேழு குடும்பங்களின் கைதட்டல், குழாய் வழியே தண்ணீர் ஏறுவதுபோல அந்த நீண்ட துளை வழியே ஏறிவந்து அறையை நிறைத்தது. லிஃப்ட்காரர் சக்கரத்திலிருந்து கையை எடுத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் ஒருவரும் தொடாமலே ரிலே ‘டக்’ என்றது. லிஃப்ட் மேலே வந்துகொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எங்கும் தங்காமல் ஐந்தில் வந்து நின்றது. அவர் ஓடி இறங்கிக் கதவைத் திறந்தார். உள்ளே ஆள் இல்லை. ஒரு முக்காலிமேல், தட்டு போட்டு மூடிய ஒரு குவளை மட்டும் இருந்தது.

தட்டை எடுத்தார், ஆவி பறந்தது. ஒரு வாய் குடித்தார். பதினான்கு நாளைக்கும் சேர்த்துச் சர்க்கரை போட்டிருந்தது, நாக்கு கூசிற்று. குவளை சாய்ந்ததில் ஒரு துளி தரையில் விழுந்திருந்தது. அவர் குனிந்து, அந்தத் துளியையும் அதைச் சுற்றியிருந்த தரையையும் மூலைகளையும் கதவின் இடுக்கையும் நிதானமாகப் பார்த்தார். துளி ஆறிக்கொண்டிருந்தது. அதைத் தேடி ஒன்றும் வரவில்லை.

“டேய்,” என்று கீழிருந்து அக்காவின் குரல் கேட்டது. “சாட்சிக் கையெழுத்துப் போட ஆள் வேணும்டா. டீ குடிச்சு முடிச்சியா, இல்ல அதுலயும் எறும்பு தேடிட்டிருக்கியா?”

வாய் நிறைய டீ இருந்ததால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் தரைத்தளப் பட்டனை அமுக்கினார்.